மண்டூர்ப் பாதையில் திரும்புகையில்

கைதட்டல் ஓய்ந்து ஒன்றரை மணித்தியாலம்.
குருமண்வெளித் துறையில்
கடைசிப் பாதைக்கு நிற்கிறோம்.
உள்ளங்கையில் இன்னும் மைக்கின் வியர்வை.

நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன.
எண்ணியது நான்தான், இரண்டு தரம்.
இரண்டாம் தரம் தேவையில்லை.
ஆசைக்கு எண்ணினேன்.

தொடக்கம் சரியில்லை.
களுவாஞ்சிகுடி மண்டபத்தில் ஒரு மின்விசிறி கடகடத்தது.
மதிப்புக்குரிய என்று வாயெடுத்து
உபதலைவியின் பெயர் வராமல்
அவள் புருஷனின் பெயரைச் சொல்லிவிட்டேன்.
முன்வரிசையில் சிரிப்பு.
பிறகு கணக்கு:
ஐம்பதாயிரம் எடுத்தால் கிழமைக்கு எவ்வளவு,
ஒருத்தி தவறினால் மற்ற நான்கு பேர் தலையில் எவ்வளவு.
எல்லாம் சரியான கணக்கு.
பின்வரிசையில் யாரோ பிள்ளைக்கு பிஸ்கட் உறை பிரித்தார்கள்,
அந்தச் சரசரப்பு
என் கணக்கைவிடத் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் அருந்தவத்தைக் கூப்பிட்டேன்.
மேடைக்கு அல்ல,
பேச்சுக்குள்.

இரவு எட்டு மணிவரை
அவள் முற்றத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி
அதன்மேல் குந்தியிருந்தான் தவணைக்காரப் பொடியன். உண்மை.
காதுத் தோட்டைக் கழற்றினாள். உண்மை.
"கழற்றும்போது அவள் கண்ணீர்
அந்தப் பொன்னில் விழுந்தது" என்றேன்.

சரசரப்பு நின்றது.
அது நின்றதை நான் கேட்டேன்.
கேட்டதும் குரலைத் தாழ்த்தினேன்,
இன்னொரு வசனம் போட்டேன், இன்னும் மெதுவாக.
வீச்சுவலை முழு வட்டமாய் விரிந்து
தண்ணீரில் படும்போது தோளுக்கு ஒரு சுகம் வருமாமே,
அதேதான்.

அவள் அழவில்லை.

அன்று வேலியோரம் நான் நின்றிருந்தேன்.
தோட்டை அவன் பையின்மேல் வைத்துவிட்டு
"துண்டு எழுது" என்றாள்.
எழுதி முடியும்வரை ஈர்க்குமாறு அவள் கையில் இருந்தது.
தொகையில் பிழை, திருத்து என்றாள்.
டோர்ச் அடித்துத் தானே வாசித்துப் பார்த்தாள்.

ஈர்க்குமாற்றைச் சொல்லியிருந்தால்
சிரித்திருப்பார்கள்.
சிரிப்பவர்கள் கை உயர்த்தமாட்டார்களா?
தெரியாது.
அதைச் சோதித்துப் பார்க்க
எனக்குத் துணிவில்லை.

பாதை வந்தது.
ஒரு லாண்ட்மாஸ்டர், நான்கு மோட்டார் சைக்கிள்,
சீருடையில் இரண்டு பிள்ளைகள்,
அருந்தவம்.
பேச்சு முழுக்க ஐந்தாம் வரிசைப் பக்கம் பாராதிருந்தேன்,
இங்கே பாராமலிருக்க இடமில்லை.
படுவான்கரை வெயில் நேரே முகத்தில்.
கண் கூசித்தான் குனிந்திருக்கிறேன் என்று
அவள் நினைக்கட்டும்.

அவளிடம் நான் பட்ட கடனுக்கு எத்தனை தவணை
என்று ஒரு வரி வந்தது மனதில்.
நல்ல வரி. கை தட்டுவார்கள்.
சீ என்று விட்டுவிட்டேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.
"நல்லாத்தான் பேசினாய் கா.
எனக்கே அழுகை வந்திற்று.
ஆரு அந்தப் பாவி எண்டு யோசிச்சன்,
பிறகுதான் பேரைச் சொன்னாய்."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன்.
வாவியில் ஏதோ துள்ளியது,
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துண்டு இன்னும் இரிக்கு.
வெட்டித் திருத்தினதும் அதிலயே இரிக்கு.
வேணுமெண்டா கொண்டு வாறன்."

வியாழக்கிழமை வெல்லாவெளியில் கூட்டம்.
அங்கே அறுபது பேர் வருவார்களாம்.

மண்டூர்க் கரை தட்டுமுன்
முதல் வசனத்தை மெல்ல உதட்டில் வைத்துப் பார்க்கிறேன்:
அருந்தவம் ஈர்க்குமாற்றை எடுத்தாள்.
இது உண்மை.
இதில் எந்தச் சொல்லுக்குப் பின் நிறுத்தினால்
மண்டபம் அடங்கும் என்று
காது
இப்போதே தேடத் தொடங்கிவிட்டது.